காயப்போட்ட நெல்லும் வைஃபை சேனலும்: ஒரே காற்றைப் பலர் பங்கிடுவது எப்படி

திருநெல்வேலி டவுனில் ரத வீதியை ஒட்டி வரிசையாக ஆறு கடைகள், மாடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகம். ஆனித் தேரோட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அதில் ஒரு ஜவுளிக் கடை அண்ணாச்சி போன் போட்டார். "தம்பி, பில்லு மெஷினு பாதியில நின்னு போவுது, கேமரா படம் விட்டு விட்டு வருது. லைன்காரன் வந்து பாத்துட்டு லைன்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டான். திருவிழாக் கூட்டம் வருததுக்குள்ள நல்ல பவரா ஒரு ரவுட்டர் மாட்டிக் குடு." போய்ப் பார்த்தேன். லைனில் ஒன்றும் இல்லைதான். ரவுட்டரிலும் குறை இல்லை. ஆனால் அந்த ஒரு வரிசைக்குள் மட்டும் பதினைந்துக்கு மேல் வைஃபை பெயர்கள் தெரிந்தன, முக்கால்வாசி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. புது ரவுட்டர் எதுவும் வாங்காமல், இருக்கிற பெட்டிகளின் செட்டிங்கை மாற்றி, இரண்டு வயர் இழுத்ததில் சரியானது. கேமராவும் வைஃபையும் மாட்டுவதுதான் என் பிழைப்பு. அன்று செய்ததையும், வீடுகளிலும் வயல்களிலும் செய்து கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பவர் கூடிய ரவுட்டர் வாங்கினால் தீரும் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. அது தீர்க்காது, பெரும்பாலும் கெடுக்கும். காரணம் புரிய வேண்டுமானால் காற்றில் எது யாருக்கு என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டா நிலமும் ஊர்க் களமும்

நம் ஜில்லாவையே எடுத்துக்கொள்ளுங்கள். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. 1990 முதல் கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் இடம். அது பேசுவது 30 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே, ஏனென்றால் அவ்வளவு தாழ்ந்த அலைதான் கடல்நீருக்குள் கொஞ்சமாவது இறங்கும். திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸ். செல்போன் கம்பெனிகள் ஏலத்தில் எடுத்த அலைக்கற்றை வேறு. இவையெல்லாம் பட்டா நிலம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, மற்றவர் கால் வைக்கக் கூடாது.

நம்முடைய வைஃபை, புளூடூத், வயர்லெஸ் சுவிட்ச் எல்லாம் ஓடுவது உரிமம் தேவையில்லாத இடத்தில். இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை 2005இல் அப்படித் திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் 2005இல் கட்டடத்துக்குள் மட்டும் என்று கொஞ்சம் விட்டார்கள், 2018 அக்டோபரில் அதை 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு விரித்து வெளியிலும் பயன்படுத்தலாம் என்றார்கள். 865இல் தொடங்கி இன்னொரு சிறு பட்டை இருக்கிறது, வயலுக்குப் போகும்போது அதைச் சொல்கிறேன். 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பாதிக்கும் 2025இல் வரைவு விதி வந்தது. திறந்துவிட்டதற்கு மூன்று நிபந்தனைகள்: யாருக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது; "எனக்கு இடைஞ்சல் வருகிறது, காப்பாற்றுங்கள்" என்று கேட்கவும் முடியாது; எல்லோரும் பகிர்ந்துதான் பயன்படுத்த வேண்டும். அதாவது உங்கள் வைஃபை திணறினால் புகார் கொடுக்க இடம் இல்லை. பக்கத்துக் கடைக்காரரோடு பேசித்தான் ஆக வேண்டும்.

இதை நான் ஊர்க் களமாகத்தான் பார்க்கிறேன். பிசான அறுப்பு முடிந்ததும் களத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் நெல் காயப்போடுவார்கள். களத்தின் அளவு கூடாது. ஒருவர் தன் நெல்லைப் பாதிக் களத்துக்கு விரித்துவிட்டால் மற்றவருக்கு இடம் இல்லை. ஒருவர் காயப்போட்ட இடத்தின் ஓரத்தில் இன்னொருவர் நின்று தூற்றினால் பதரும் தூசியும் அவர் நெல்லில் விழும். நெல்லுக்கு வேலி கட்டிய கதையால் பெயர் பெற்ற ஊர் நம்முடையது, ஆனால் இந்தக் களத்தில் வேலி கட்ட வழியில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் களத்தின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வைஃபைக்கு 20 வேண்டும். களத்தில் எந்த இடம் என்று சொல்லும் சேனல் எண்கள் 1 முதல் 13 வரை இருந்தாலும் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், அதனால் ஒன்றோடொன்று உரசாமல் பக்கத்தில் பக்கத்தில் போடக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றே மூன்று. ரவுட்டரில் 40 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்தீர்களானால் பாதிக் களம் உங்களுடையது. அந்த ஆறு கடை வரிசையில் நான்கு பெட்டிகள் அப்படித்தான் கிடந்தன, யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை, பெட்டியோடு வந்த செட்டிங்.

முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் என்று தேடினால் இலவச ஆப்கள் கிடைக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஏர்போர்ட் யூட்டிலிட்டியைப் போட்டு, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்துகொள்ளலாம். கடையில் நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் இடத்தில் நில்லுங்கள், கல்லா மேஜை, கேமரா பெட்டி, கடைசி அறை என்று ஒவ்வொரு இடமாக. ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பெயர், எந்தச் சேனல், எவ்வளவு பலம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பலம் டிபிஎம் என்று மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் பக்கத்தில் நிற்கிறது, மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குப் போதும், மைனஸ் 80 தாண்டினால் தடுமாறும். இதைக் கடை மும்முரமாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் காற்று காலியாகத்தான் தெரியும்.

பல ரவுட்டர்களில் சேனல் "ஆட்டோ" என்று இருக்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் விலை குறைந்த பெட்டிகளில் பல, ஆன் ஆகும்போது மட்டும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடும். கரண்டு போய் வந்தால் அந்த வரிசையில் எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்தில் கண் திறக்கும், எல்லாவற்றுக்கும் களம் காலியாகத் தெரியும், பிறகு எல்லாம் போய் ஒரே இடத்தில் விழும்.

வயர் இழுக்க முடிந்ததை வயரில் விடுங்கள்

இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வது, காதில் வாங்கிக்கொள்பவர்கள் குறைவு. பில் கம்ப்யூட்டர் நகருவதில்லை. கேமரா நகருவதில்லை. டிவி நகருவதில்லை. நகராத பொருள் எதற்குக் காற்றில் பேச வேண்டும்? ஒரு கேமரா இரவும் பகலும் நிறுத்தாமல் படம் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, நான்கு கேமரா வைஃபையில் இருந்தால் ஒரு சேனலில் பெரும்பங்கு அவைகளுக்கே போய்விடும். அண்ணாச்சி கடையில் கேமராக்களையும் பில் மெஷினையும் வயருக்கு மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை போய்விட்டது, சேனலைத் தொடுவதற்கு முன்னாலேயே. வயரும் முனைகளும் சேர்த்து ஆன செலவு அவர் கேட்ட ரவுட்டரின் விலையைவிடக் குறைவு.

2.4இல் செய்ய வேண்டியவை

ரவுட்டரின் பக்கத்தை பிரவுசரில் திறங்கள், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். வயர்லெஸ் செட்டிங்கில் 2.4க்குப் போய் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்துங்கள். "20/40" என்றும் வேண்டாம். சேனலை 1, 6, 11 இல் எது உங்கள் தாளில் குறைவாக நெருக்குகிறதோ அதில் வையுங்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. 1, 6, 11 மூன்றிலும் ஆள் இருக்கிறது, 3 காலியாக இருக்கிறது, அங்கே போவோம் என்று போய்விடுவார்கள். போகாதீர்கள். வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். கேட்பது இன்னொரு வைஃபையின் பேச்சு என்று புரிந்தால், அது மைனஸ் 82 டிபிஎம் அளவுக்கு மெல்லியதாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும். பேச்சு என்று புரியாத வெறும் இரைச்சலாகக் கேட்டால் மைனஸ் 62 வரை சட்டை செய்யாது, அதாவது நூறு மடங்கு பலமாக இருந்தால்தான் நிற்கும். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒன்றை ஒன்று புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசும். வேகம் பங்காகும், ஆனால் வேலை நடக்கும். 3இல் உட்கார்ந்தவர் 1க்கும் புரியமாட்டார், 6க்கும் புரியமாட்டார், இருவர் நெல்லிலும் தூசியைத் தூற்றிக்கொண்டு தானும் கெட்டுப்போவார். ஒரே சேனலில் சேர்ந்து இருப்பது மரியாதை, பாதி மேலே ஏறி உட்கார்வதுதான் இடைஞ்சல்.

அடுத்தது பழைய வேகம். காற்றில் செலவாவது நேரம். 1500 பைட் உள்ள ஒரு பொட்டலத்தை 1 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் 12 மில்லி நொடி பிடிக்கும், 54 மெகாபிட்டில் கால் மில்லி நொடிகூட ஆகாது. ஒரு பழைய கருவி மெதுவாகப் பேசினால் மற்ற எல்லாரும் அது முடிக்கும்வரை நிற்க வேண்டும். அதோடு ரவுட்டர் "நான் இங்கே இருக்கிறேன்" என்று நொடிக்கு ஏறக்குறைய பத்துத் தடவை கூவுகிறது, வைஃபையின் மிகப் பழைய தலைமுறையான பி வகையை அனுமதித்திருந்தால் அந்தக் கூவலும் 1 மெகாபிட்டில்தான் போகும். ஆகவே "பி/ஜி/என்" என்று இருப்பதை "ஜி/என்" அல்லது "என்" மட்டும் என்று மாற்றுங்கள். ஓனருக்கு ஒரு பெயர், வேலையாட்களுக்கு ஒரு பெயர், விருந்தினருக்கு ஒரு பெயர் என்று நான்கைந்து வைஃபை பெயர் வைத்திருந்தால் அத்தனைக்கும் தனித்தனிக் கூவல். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் பவர். இதைக் குறைக்கச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ரவுட்டர் உரக்கப் பேசினால் உங்கள் போனில் நான்கு கோடும் நிறைந்து தெரியும், சரி. போன் அதே அளவு உரக்கத் திருப்பிப் பேசாதே, அதன் ஆன்டெனாவும் சின்னது, பேட்டரியும் சின்னது. கோடு நிறைய இருந்தும் எதுவும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம். உங்கள் குரல் தெருக்கோடி வரை போனால் அங்கே உள்ள பெட்டியும் உங்களுக்காக வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். இருபதடி அகலக் கடைக்குப் பவரை "மீடியம்" என்று வைத்தால் தாராளம். கடைசி அறையில் கிடைக்கவில்லையென்றால் பவரைக் கூட்டாமல் அங்கே வயரில் இன்னொரு சின்ன பெட்டி வையுங்கள்.

பக்கத்துக் கடையோடு பேசுங்கள்

செட்டிங் சுலபம், இதுதான் நேரம் எடுக்கும். மருந்துக் கடைக்காரர் முதலில், "என் கடைப் பெட்டியில நீ எதுக்குக் கை வைக்கணும்?" என்றார். "கை வைக்கல அண்ணாச்சி, நம்பரை மட்டும் மாத்துவோம். இப்ப நீங்களும் ஜவுளிக் கடையும் ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கிய, ரெண்டு பேருக்கும் நட்டம்" என்று போனில் அனலைசர் படத்தைக் காட்டினேன். இரண்டு மலைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கண்ணால் பார்த்ததும், "அப்பம் என்னத்தத்தான் மாத்தணும், மாத்து" என்று சொல்லிவிட்டார். படத்தைக் காட்டுங்கள், விளக்கம் பிறகு.

நாங்கள் போட்ட கணக்கு இது: முதல் கடையும் நான்காவது கடையும் 1, இரண்டாவதும் ஐந்தாவதும் 6, மூன்றாவதும் ஆறாவதும் 11. ஒரே எண் உள்ள கடைகளுக்கு நடுவே இரண்டு கடைகள் வந்துவிடுகின்றன. மாடி ஆடிட்டர் சாரிடம் எல்லாமே புது லேப்டாப் என்பதால் அவர் பெட்டியில் 2.4ஐயே அணைத்துவிட்டு 5இல் மட்டும் விட்டோம். கல்லிடைக்குறிச்சி மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரகார வீடுகளிலும் இதே முறைதான், வீட்டு வரிசை எண்ணை வைத்து 1, 6, 11 என்று சுற்றி வரலாம்.

5 கிகாஹெர்ட்ஸ்: சுவர் நமக்கு நண்பன்

5இன் அலை சுவரைத் தாண்டத் திணறும். பழைய சுண்ணாம்புக் காரை வீட்டின் ஒன்றரையடிச் சுவர் என்றால் ஒரு சுவரிலேயே மூச்சு வாங்கும். குறை என்கிறார்கள், நெருக்கமான தெருவில் எனக்கு அதுதான் நிறை: உங்களுடையது பக்கத்து வீட்டுக்குப் போகாது, அவர்களுடையது உங்களிடம் வராது. போன், லேப்டாப், டிவி எல்லாவற்றையும் 5க்கு நகர்த்துங்கள், 2.4ஐ அதைத் தவிர வேறு தெரியாத சின்னக் கருவிகளுக்கு விட்டுவிடுங்கள். அகலம் பெரும்பாலும் 80 என்று வரும். தனி வீடு என்றால் இருக்கட்டும், கடை வரிசை என்றால் 40 போதும். சேனல் எண்களில் 36 முதல் 48 வரை ஒரு கூட்டம், 149இலிருந்து ஒரு கூட்டம், இரண்டும் பெரும்பாலான கருவிகளில் ஓடும்.

நடுவில் 52 முதல் 144 வரை உள்ளவை ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ளும் சேனல்கள். அங்கே ரவுட்டர் பேசுவதற்கு முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், ரேடார் துடிப்பு கேட்டால் உடனே சேனலை விட்டு விலக வேண்டும். ஐரோப்பிய விதியில் வானிலை ரேடார்கள் இருக்கும் 5600 முதல் 5650 வரையுள்ள பகுதிக்கு மட்டும் பத்து நிமிடம் கேட்கச் சொல்கிறார்கள். அதனால் இந்தச் சேனல்களில் ரவுட்டர் மெதுவாக எழும்பினால் பழுது என்று நினைக்காதீர்கள்.

சிலர் இதைத் தவிர்ப்பதற்காக ரவுட்டரில் நாட்டின் பெயரையே வேறு நாடாக மாற்றி வைக்கிறார்கள், பவரும் கூடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18இல் நம் பக்கம் பெய்த மழையை மறந்திருக்க மாட்டோம், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மலைக்கு அந்தப் பக்கம் தும்பாவில் இருக்கும் வானிலை ரேடார் இந்த 5 கிகாஹெர்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த சி பேண்ட் ரேடார்தான். மேகத்திலிருந்து திரும்பி வரும் எதிரொலி அவ்வளவு மெல்லியது, மொட்டை மாடியில் விதியை மீறி வைத்த ஒரு வைஃபை ஆன்டெனா ரேடார் படத்தில் ஒரு கோடாக விழுந்து அந்தத் திசையை மறைத்துவிடும். நமக்கு மழை வரும் திசையை நாமே மறைக்கலாமா? செட்டிங்கில் இந்தியா என்றே இருக்கட்டும்.

புளூடூத்தும் ஜிக்பீயும்

புளூடூத் தானாகப் பிழைத்துக்கொள்ளும் பிள்ளை. ஹெட்செட்டுக்கும் போனுக்கும் நடுவே ஓடும் பழைய வகை, களத்தை 79 சிறு பாத்திகளாகப் பிரித்து நொடிக்கு 1600 தடவை பாத்தி மாறி மாறிக் குதிக்கிறது. 2003இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து, எந்தப் பாத்தியில் வைஃபை உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து அதை விட்டுவிட்டுக் குதிக்கவும் கற்றுக்கொண்டது. குறைந்தது 20 பாத்தியாவது அதற்கு வேண்டும். வைஃபை 20 அகலத்தில் இருந்தால் 59 மிச்சம், 40இல் இரண்டு பெட்டி இருந்தால் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஹெட்செட்டில் பாட்டு வெட்டி வெட்டி வந்தால் ஹெட்செட்டைக் குறை சொல்வதற்கு முன் ரவுட்டரின் அகலத்தைப் பாருங்கள்.

வாட்ச், சாவி டேக் போன்றவற்றில் இருக்கும் குறைசக்தி புளூடூத் வேறு மாதிரி. அது தன்னை அறிவிப்பது 2402, 2426, 2480 என்ற மூன்று இடங்களில் மட்டும். யோசித்து வைத்த இடங்கள்: ஒன்று சேனல் 1இன் கீழ் ஓரத்தில், ஒன்று 1க்கும் 6க்கும் இடையில், ஒன்று 11க்கு மேலே. ஊரே 1, 6, 11இல் இருந்தால் இவை பிழைக்கும். யாரோ ஒருவர் 3இலோ 4இலோ உட்கார்ந்தால் 2426 போச்சு, 13இல் உட்கார்ந்தால் 2480 போச்சு.

ஜிக்பீ பாவம். வீட்டு சுவிட்ச், கதவு சென்சார், மோஷன் சென்சார் போன்றவற்றில் வருவது, பல பட்டன் செல்லில் ஓடுவதால் ஒரு சில மில்லிவாட்தான் பேசும், அதுவும் குதிக்காமல் ஒரே இடத்தில் நிற்கும். வைஃபைக்கு அதன் பேச்சு புரியாத இரைச்சல், மேலே சொன்ன நூறு மடங்குக் கணக்கில் கண்டுகொள்ளாமல் மேலே பேசிவிடும். ஆகவே ஜிக்பீக்கு நாம்தான் இடம் ஒதுக்க வேண்டும். அதன் சேனல்கள் 11 முதல் 26 வரை, வைஃபை எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், எண் ஒன்றுபோல இருந்தாலும் இடம் வேறு. வைஃபை 1, 6, 11க்கு இடையிலும் ஓரத்திலும் விழுபவை 15, 20, 25, 26. நான் 25ஐத்தான் போடுகிறேன், 26இல் சில கருவிகள் பவரைக் குறைத்துக்கொள்கின்றன, சில அங்கே வருவதே இல்லை. இந்தக் கருவிகளையெல்லாம் ஒன்றுசேர்க்கும் பெட்டியான ஹப்பை முதன்முதலில் மாட்டும்போதே இதை முடிவு செய்யுங்கள். நாற்பது சுவிட்ச் சேர்த்த பிறகு சேனல் மாற்றினால் சிலதைக் கழற்றி மறுபடி சேர்க்க வேண்டி வரும். ஹப்பையும் ரவுட்டரையும் ஒரே அலமாரியில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

ஹப் யூஎஸ்பியில் சொருகும் வகை என்றால் இன்னொரு எச்சரிக்கை. யூஎஸ்பி 3 வேகத்தில் ஓடும் ஹார்ட் டிஸ்க்கும் அதன் வயரும் 2.4 பட்டையில் இரைச்சலைக் கக்கும், இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து சொன்னது. ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் ஹப்பைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் ஒரு வாரம் சுவிட்ச் சுவிட்சாகக் கழற்றிப் பார்த்தும் பிடிபடாமல் கடைசியில் இதுதான் காரணம் என்று தெரிந்தது.

பேக்கரிக்காரர்களுக்கு

பப்ஸ் சூடு பண்ணும் மைக்ரோவேவ் அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது. அலையை உள்ளேயே அடைத்து வைத்தாலும் வைஃபையைக் கலைக்கும் அளவுக்குக் கொஞ்சம் கசியும். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ், சாதாரண அடுப்பு ஒவ்வொரு 20 மில்லி நொடிச் சுற்றிலும் பாதி நேரம்தான் எரிகிறது, மீதி 10 மில்லி நொடி ஓய்வு. வைஃபை அந்த ஓய்வில் நுழைந்து போய்விடும், அதனால் நெட் சாகாது, தடுமாறும். பேக்கரியில் வைஃபையைச் சேனல் 1இல் வைத்து, கல்லாவுக்கும் ரவுட்டருக்கும் நடுக்கோட்டில் அடுப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 5இல் ஓட்டினால் அடுப்பைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

வயலுக்குப் போனால்

சேரன்மகாதேவிப் பக்கம் வாழையும் நெல்லும் வைத்திருப்பவர்கள் இப்போது மோட்டாரையும் மண் ஈரத்தையும் வீட்டிலிருந்தே பார்க்க ஆசைப்படுகிறார்கள். சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் போதும் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நல்ல பொருள். ஐந்தாறு இடத்தில் சென்சார் வைக்க வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் சிம் கட்டுப்படியாகாது, அப்போது லோரா சரி, குறைந்த பவரில் சின்னச் சின்னச் செய்தியை வெகுதூரம் அனுப்பும் வயர்லெஸ் முறை. அது ஓடுவது 865இல் தொடங்கும் உரிமம் தேவையில்லாத பட்டையில், 2005இல் 867 வரை இருந்தது, 2021இல் 868 வரை நீட்டினார்கள். வெட்டவெளியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகும். வாழைத் தோப்புக்குள் போகாது, இலையிலும் தண்டிலும் இருக்கும் தண்ணீர் அலையைக் குடித்துவிடும். ஆன்டெனாவை வாழைக்கு மேலே ஒரு கம்பத்தில் தூக்கிக் கட்டுங்கள்.

இந்தக் களத்தில் நாம் தனியாக இல்லை. நாங்குநேரி சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேகைப் படிக்கும் கருவியும் 865 முதல் 867இல்தான் பேசுகிறது. நெடுஞ்சாலையை ஒட்டி வயல் இருந்தால் அதைக் கணக்கில் வையுங்கள்.

லோரா கருவிகள் பெரும்பாலும் பேசுவதற்கு முன் கேட்பதில்லை, தோன்றியபோது பேசிவிடும். அதனால் பங்கீடு முழுக்க நாம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. செட்டிங்கில் எஸ்எஃப் என்று ஒரு எண் இருக்கும், 7 முதல் 12 வரை, செய்தியை எவ்வளவு இழுத்து மெதுவாகப் பேச வேண்டும் என்று சொல்வது. கூட்டினால் தூரம் கூடும், ஆனால் பத்து பைட் செய்திக்கு 7இல் சுமார் 60 மில்லி நொடி என்றால் 12இல் ஏறத்தாழ ஒன்றரை நொடி. அவ்வளவு நேரமும் மற்றவர் பேசினால் மோதும். வீடு அரை கிலோமீட்டரில் இருக்கும்போது 12 வைக்காதீர்கள், தானாகச் சரிசெய்யும் வசதியை ஆன் செய்யுங்கள். மண் ஈரம் பத்து நொடியில் மாறப்போவதில்லை, அரை மணிக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும். மோட்டார் ஓடுகிறதா நின்றதா என்பதை மட்டும் மாறும்போது உடனே அனுப்பும்படி வையுங்கள்.

கேபிள் டிவி நடத்துபவர்களுக்கு

மொட்டை மாடியில் பெரிய குடை ஆன்டெனா வைத்திருப்பவர்கள் 5ஜி வந்த பிறகு சில டிவி சேனல் கட்டம் கட்டமாக உடைகிறது என்கிறார்கள். 5ஜிக்கு 2022இல் ஏலம் விட்டதில் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது, சாட்டிலைட் டிவி இறங்குவது 3700 முதல் 4200. நடுவில் 30 மெகாஹெர்ட்ஸ் வெறும் வரப்பு. வரப்பு இருந்தாலும் குடையின் நடுவில் அலையை வாங்கும் எல்என்பி என்ற பெட்டி பழையதாக இருந்தால் 3400இலிருந்தே காதைத் திறந்து வைத்திருக்கும், பக்கத்து டவரின் சத்தத்தில் அதன் காது அடைத்துப்போகிறது. 3700 முதல் 4200 வரை மட்டும் விடும் ஃபில்டரை எல்என்பிக்கு முன்னால் மாட்டுங்கள், பின்னால் மாட்டிப் பயனில்லை.

தேரோட்ட நாள்

அன்று ரத வீதியில் கையில் போன் இல்லாத ஆள் இருக்கமாட்டார். ஹாட்ஸ்பாட் போட்டவர்கள், வைஃபை தேடிக்கொண்டே நடக்கும் போன்கள், புளூடூத் ஹெட்செட்கள் எல்லாம் 2.4இல் குவியும். அதை யாராலும் தடுக்க முடியாது, அன்றைக்கு நமக்கு முக்கியமானது எதுவும் 2.4இல் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. பில் மெஷின் வயரில், வேலையாட்களின் போன் 5இல். பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி சிம்மில் ஓடுவது, கூட்டத்தில் டவர் திணறினால் அதுவும் திணறும், வைஃபை வசதி உள்ள பெட்டியாக இருந்தால் முந்தின நாளே சேர்த்து வையுங்கள். அண்ணாச்சி கடையில் அன்று முழுக்க பில் ஒரு தடவைகூட நிற்கவில்லை, சாயங்காலம் போனபோது கையில் ஒரு அல்வாப் பொட்டலத்தைத் திணித்துவிட்டுத்தான் விட்டார்.

வரிசையில் எந்தக் கடைக்கு எந்தச் சேனல் என்று எழுதிய தாளை மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறோம். புதுக் கடை வந்தாலோ, யாராவது கனெக்‌ஷன் மாற்றிப் புதுப் பெட்டி வைத்தாலோ, லைன்காரர் முதலில் அதைத் திறந்து பார்த்துவிட்டு எண்ணைப் போடுகிறார்.